தவறான விடையைப் படித்துப் பாடம் நடத்துதல்: சாட்ஸ்வொர்த் கணித வகுப்பறை அனுபவம்

தேர்வு முடிந்து, விடைத்தாள்களைத் திருத்தி, மதிப்பெண் பதிவேட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டால் மதிப்பீட்டு வேலை முடிந்தது என்று கருதும் பழக்கம் எந்த நாட்டுப் பள்ளியிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் நான், மதிப்பீட்டின் பயனுள்ள பகுதி அந்தப் பதிவேட்டை மூடிய பிறகுதான் தொடங்குகிறது என்று சொல்வேன். ஒரு பிள்ளை 44 சதவீதம் வாங்கியது என்ற தகவலைக் கொண்டு அறிக்கை அட்டையை நிரப்பலாம், பெற்றோரிடம் பேசலாம். ஆனால் வரும் திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பதை அந்த எண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நாளின் மொத்த வசூலை மட்டும் எழுதிவைக்கும் கடைக்காரருக்கு எந்தச் சரக்கு தீர்ந்தது என்று தெரியாததைப் போன்ற நிலைதான் இது. எதைக் கற்பிப்பது என்று சொல்வது பிள்ளை எழுதிய தவறான விடை. சில வேளைகளில் சரியான விடையும்கூட அதைச் சொல்லும்.

தமிழ்நாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்று இங்கு வந்தவள் என்பதால், இந்த நாட்டு அமைப்பை அறியாத தமிழ் ஆசிரியர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் தொடக்கப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிகிறது. 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ‘கேப்ஸ்’ என்னும் பாடத்திட்டம் எந்த வாரம் எந்தப் பாடம் என்பது வரை வழிகாட்டுகிறது. அதை ஒட்டிய ஆண்டுப் பாடத் திட்டத்தை நாங்கள் ஏ.டி.பி. என்று அழைக்கிறோம். மதிப்பெண்கள் ஒன்று முதல் ஏழு வரையிலான நிலைகளாக மாற்றப்படுகின்றன: 30க்குக் கீழே முதல் நிலை, 40 முதல் 49 வரை மூன்றாம் நிலை, 80 முதல் 100 வரை ஏழாம் நிலை. நிறவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென்று 1960களில் உருவாக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்தில் இன்று என் வகுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசும் தமிழ், தெலுங்கு, இந்தி வழிப் பிள்ளைகளும், வெல்பெடாக்ட் போன்ற அண்டைப் பகுதிகளிலிருந்து வாடகை வேனில் வந்து சேரும், வீட்டில் இசிஜூலு (ஜூலு மக்களின் மொழி) பேசும் பிள்ளைகளும் அருகருகே அமர்கிறார்கள். பாடமொழி எல்லோருக்கும் ஆங்கிலமே.

ஒரே தேர்வில் 50க்கு 22 வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருமே மூன்றாம் நிலை. ஒருத்தி கணக்குகளை எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, வாக்கியக் கணக்குகளை வெற்றிடமாக விட்டிருந்தாள். இன்னொருவன் வாக்கியக் கணக்குகளில் எந்தச் செயல்முறை வேண்டும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, கடன் வாங்கிக் கழிப்பதில் ஒவ்வொரு முறையும் தவறியிருந்தான். பதிவேட்டின்படி இருவருக்கும் ஒரே துணைப் பாடம். உண்மையில் ஒருவருக்குத் தேவையானதை மற்றவருக்குக் கொடுத்தால் இருவருடைய நேரமும் வீணாகும்.

கழித்தலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் தவறான விடை மிகத் தெளிவாகப் பேசுகிறது. 503 − 267 என்ற கணக்கைக் கொடுத்தால் சரியான விடை 236. என் வகுப்பில் வரும் தவறான விடைகள் தற்செயலானவை அல்ல; சில குறிப்பிட்ட எண்களே திரும்பத் திரும்ப வரும். 364 என்று எழுதும் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் சிறிய இலக்கத்தைப் பெரிய இலக்கத்திலிருந்து கழித்திருக்கிறது: ஏழிலிருந்து மூன்று, ஆறிலிருந்து பூச்சியம், ஐந்திலிருந்து இரண்டு. 246 என்று எழுதும் பிள்ளை பூச்சியத்துக்கு நூறுகளிடமிருந்து கடன் வாங்கிப் பத்தாக்கிய பிறகு, அந்தப் பத்திலிருந்து ஒன்றுகளுக்கு ஒன்றைக் கொடுத்ததைக் குறைக்க மறந்திருக்கிறது. 336 என்று எழுதும் பிள்ளை பூச்சியத்தை ஒன்பதாக மாற்றிவிட்டு, ஐந்தை ஐந்தாகவே விட்டுவிட்டது. மூன்றும் தவறுதான், மூன்றுக்கும் மதிப்பெண் பூச்சியம்தான். ஆனால் முதல் பிள்ளைக்கு இடமதிப்பை ஆரம்பத்திலிருந்து கற்பிக்க வேண்டும், மற்ற இருவருக்கும் பூச்சியத்தைத் தாண்டிக் கடன் வாங்கும் ஒரு படியைச் சரிசெய்தால் போதும். பிள்ளைகளின் கழித்தல் தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, அவர்கள் ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பதை 1978ஆம் ஆண்டிலேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கணினி மாதிரி அமைத்துக் காட்டினார்கள். அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்ட பிறகு ‘கவனமாகப் போடு’ என்று விடைத்தாளில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளை கவனமாகத்தான் போட்டிருக்கிறது.

ஆகவே சோதனைக்கு எண்களைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. கடன் வாங்கத் தேவையில்லாத 86 − 42, ஒரு முறை கடன் வாங்கும் 74 − 38, நடுவில் பூச்சியம் உள்ள 503 − 267, இரண்டு பூச்சியங்கள் உள்ள 600 − 248 என்று நான்கு கணக்குகளை இந்த வரிசையில் கொடுத்தால், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். 74 − 38க்கு 44 என்றும் 503 − 267க்கு 364 என்றும் எழுதினால் கடன் வாங்குவது என்ற கருத்தே புரியவில்லை. முதலதற்கு 36 என்று சரியாக எழுதி இரண்டாவதில் மட்டும் தவறினால் சிக்கல் பூச்சியத்தில் இருக்கிறது. இத்தகைய இருபது கணக்குகளைக் கொடுப்பதால் கூடுதலாக எதுவும் தெரியவருவதில்லை, திருத்துவதற்கு நேரம்தான் கூடுதலாகப் போகிறது.

சரியான விடையையும் ஏன் பார்க்க வேண்டும் என்றால், ஆறாம் வகுப்பில் 74 − 38க்கு 36 என்று சரியாக எழுதிய பிள்ளையின் தாள் ஓரத்தில் சில வேளைகளில் எழுபத்து நான்கு சிறு கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி, முப்பத்தெட்டை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணியிருக்கும். இந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மேல் வகுப்புகள் வரை ஒன்றொன்றாக எண்ணியே கணக்குப் போடுவதை இங்குள்ள ஆய்வுகள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கின்றன. எண்கள் சிறியனவாக இருக்கும் வரை அந்தப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டே வரும். நான்கு இலக்க எண்கள் வந்தவுடன் ஒரேயடியாகச் சரியும், ஆசிரியர்கள் திடீரென்று என்ன ஆயிற்று என்று வியப்பார்கள். அதனால் நான் செய்முறைக்கான இடத்தை வினாத்தாளிலேயே விட்டு, தனித்தாளில் வேலை செய்வதை அனுமதிப்பதில்லை. அழிப்பானும் கூடாது, தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுத் தொடர வேண்டும்.

தசமங்களில் இந்த நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்கப் பாடநூல்கள் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுகின்றன; நாம் 0.35 என்று எழுதுவதை இங்கே 0,35 என்று எழுத வேண்டும். ஆனால் பல கைப்பேசிகளும் கணிப்பான்களும் புள்ளியைக் காட்டும். பிள்ளைகள் இதற்கு விரைவில் பழகிவிடுகிறார்கள், எனக்குத்தான் சில காலம் ஆயிற்று. உண்மையான இடர் வேறு. 0,4 பெரியதா, 0,35 பெரியதா என்று கேட்டால் பலர் 0,35 என்பார்கள், ஏனென்றால் முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியது. வேறு சிலர், இலக்கங்கள் கூடினால் எண் சிறுத்துப்போகும் என்று தாமாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டவர்கள். அவர்கள் 0,4 என்று சரியாகவே சொல்வார்கள், ஆனால் காரணம் தவறு. 0,3 பெரியதா, 0,75 பெரியதா என்ற இரண்டாவது வினாவில்தான் அவர்கள் பிடிபடுவார்கள், அங்கே முதல் கூட்டத்தினர் தப்பித்துவிடுவார்கள். எனவே இந்த இரண்டு வினாக்களும் சேர்ந்தே வர வேண்டும். 0,5 உம் 0,50 உம் சமமா என்ற மூன்றாவது வினாவையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பணத்தை வைத்துத் தசமத்தைக் கற்பித்தால் எளிது என்று பலரும் சொல்வார்கள். சாட்ஸ்வொர்த்தில் உள்ள ‘பங்களாதேஷ் சந்தை’யில் ஒரு கட்டுக் கீரையின் விலையைப் பிள்ளைகள் தயங்காமல் படிப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் விலைப்பட்டியலில் காற்புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்கள் இருப்பதால், 12,50 என்பதைப் பன்னிரண்டு ரேண்ட் (இந்நாட்டு நாணயம்), ஐம்பது சென்ட் என்று இரண்டு தனி எண்களாகப் படித்தாலும் விடை சரியாக வந்துவிடும். பணத்தில் மட்டும் சோதித்தால் தசமம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். 0,4ஐயும் 0,125ஐயும் ஒப்பிடச் சொன்னவுடன் உண்மை வெளிவரும். விலைகளை நான் தொடக்கத்துக்குப் பயன்படுத்துகிறேன், சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை.

சமக்குறிக்கு ஒரே வினா போதும்: 8 + 4 = □ + 5. பெட்டிக்குள் 7 வர வேண்டும். 12 என்று எழுதும் பிள்ளைக்குச் சமக்குறி என்பது ‘இப்போது விடையை எழுது’ என்ற கட்டளை. 17 என்று எழுதும் பிள்ளை கண்ணில் பட்ட எண்களை எல்லாம் கூட்டிவிட்டது. ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கும் முன் இதைக் கேட்காத ஆசிரியர் பின்னால் சமன்பாடுகளோடு வெகுகாலம் போராட நேரும்.

இனி மொழி. ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் கூற்று, இசிஜூலு பேசும் பிள்ளைகளுக்குக் கணிதம் வரும், ஆங்கிலம்தான் தடை என்பது. இதை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று, ஒரே கணக்கை மூன்று வடிவங்களில் கொடுத்தேன். முதலாவது வெறும் எண்களாக, 36 + 9. இரண்டாவது நேரான வாக்கியமாக: ஒரு பெட்டியில் 36 மாம்பழங்கள் உள்ளன, இன்னும் 9 வைத்தால் மொத்தம் எத்தனை. மூன்றாவது, சுற்றி வரும் வாக்கியமாக: ஒரு பெட்டியில் 36 மாம்பழங்கள் உள்ளன, இது இரண்டாவது பெட்டியில் உள்ளதைவிட 9 குறைவு, இரண்டாவது பெட்டியில் எத்தனை. விடை மூன்றிலும் 45 என்பது தெரியாதபடி வேறு கணக்குகளுக்கிடையே இவற்றைக் கலந்துவைத்தேன். மூன்றாவதற்கு 27 என்ற விடை இரு தரப்பிலிருந்தும் வந்தது. ‘குறைவு’ என்ற சொல்லைக் கண்டவுடன் கழித்துவிடும் பழக்கம் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமும் அதே அளவு ஊறியிருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான், ‘இந்தச் சொல் வந்தால் கூட்டு, அந்தச் சொல் வந்தால் கழி’ என்று சுவரில் அட்டை ஒட்டுபவர்கள். மொழியே தடையாக இருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இரண்டாவது வடிவத்திலேயே நின்றுவிட்டவர்கள். இந்த இரண்டு குழுக்களுக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

எந்த இடத்தில் தடை என்று நுணுகிப் பார்க்க, ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வகுத்த ஐந்து கேள்விகளைப் போல எனக்குப் பயன்பட்ட கருவி வேறில்லை. தவறாகச் செய்த கணக்கைப் பிள்ளையின் முன் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டு; இதில் என்ன கேட்கிறார்கள் என்று சொல்; இதை எப்படிக் கண்டுபிடிப்பாய்; செய்து காட்டு, செய்யும்போதே சொல்லிக்கொண்டு வா; இப்போது விடையை எழுது. எந்தக் கேள்வியில் பிள்ளை தடுமாறுகிறதோ அங்கேயே தடை இருக்கிறது. ஆசிரியர் இடையில் உதவக் கூடாது, இதுதான் கடினம். முகத்தைக்கூடச் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நாடெங்கும் பள்ளிகளுக்கு உதவியாளர்கள் அனுப்பப்பட்டபோது, எங்களிடம் வந்த ஓர் இளம்பெண் இதே ஐந்து கேள்விகளை இசிஜூலுவில் கேட்டார். ஆங்கிலத்தில் இரண்டாம் கேள்வியில் மௌனமாக இருந்த ஒரு மாணவி, தன் மொழியில் கேட்டவுடன் நான்காம் கேள்வி வரை நடந்துபோய், பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றாள். அவளுக்கு மொழியும் தேவை, வாய்ப்பாடும் தேவை. இரண்டில் எதை முதலில் என்பதை இனி ஊகிக்க வேண்டியதில்லை.

இவற்றைப் பதிவு செய்வது எப்படி என்பதில் நான் சிக்கனக்காரி. ஒரு தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே வினா எண்கள். சரிக்குப் புள்ளி, தவறுக்கு ஓர் எழுத்து: சிறியதைப் பெரியதிலிருந்து கழித்தால் ‘சி’, பூச்சியத்தில் தவறினால் ‘பூ’, கோடு போட்டு எண்ணியிருந்தால், விடை சரியானாலும், ‘கோ’, வாசிப்பில் நின்றால் ‘வா’. வெற்றிடத்துக்கும் தவறுக்கும் வேறு வேறு குறி அவசியம். எழுத்துகள் தமிழில் இருப்பதால் மேசைமேல் தாள் திறந்து கிடந்தாலும் யாரும் அடுத்தவருடைய குறையைப் படித்துக் கேலி செய்ய முடியாது. இதில் எதிர்பாராத ஒரு பயன், தாத்தா காலத்தோடு தமிழ் நின்றுபோன வீடுகளின் பிள்ளைகள் சிலர் அந்த எழுத்துகள் என்னவென்று கேட்டு எழுதிப் பார்ப்பது. (அர்த்தத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை.)

பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, எல்லோரும் அக்கா என்று அழைப்பவர், இந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தை அதன் பயனை இரட்டிப்பாக்கியது. “தங்கச்சி, முதல்ல வருகைப் பதிவேட்டைப் பார்” என்றார். பின்னக் கூட்டலில் தவறியவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பாடம் நடந்த நாட்களில் வாடகை வேன் வேலைநிறுத்தத்தால் பள்ளிக்கு வராதவர்கள். அவர்கள் பாடத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர், கேட்காதவர்கள். அவர்களுக்குத் தேவை ஒரு முறை கற்பித்தல், நோய்நாடும் ஆராய்ச்சி அல்ல.

தாளை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். ஒரு வினாவின் பத்தியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தவறியிருந்தால் குறை பாடம் நடத்திய விதத்திலோ வினாவின் சொல்லமைப்பிலோ இருக்கும். முழு வகுப்புக்கும் வேறொரு வழியில் மீண்டும் நடத்துவேன். ஒரே குறி நான்கைந்து பேரிடம் இருந்தால் சிறு குழு. அதற்கு நேரம் எங்கே என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரை கணிதத்துக்கு வாரம் ஆறு மணி நேரம்; ஏழாம் வகுப்பில் அது நான்கரை மணியாகச் சுருங்குகிறது, ஏ.டி.பி.யோ காத்திருப்பதில்லை. ஆறாம் வகுப்பில் ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் மனக்கணக்குக்கென்று பாடத்திட்டமே ஒதுக்கும் பத்து நிமிடங்களை நான் குழுக்களுக்குப் பிரித்துக்கொடுத்தேன்: ‘பூ’ குழுவுக்கு 100 − 7, 300 − 6 போன்றவை, ‘கோ’ குழுவுக்குப் பத்துகளாகத் தாவி எண்ணுதல், மற்றவர்களுக்கு வழக்கமான மனக்கணக்கு. பாடத்திட்டத்திலிருந்து விலகவில்லை என்பதால் ஆய்வுக்கு வரும் அலுவலர்களிடமும் விளக்கம் சொல்வது எளிது. ஏழாம் வகுப்பில் இந்த வசதி இல்லாததால் வாரத்தில் ஒரு வகுப்பின் பிற்பாதியை மட்டும் ஒதுக்குகிறேன், அதுவும் இயலாத வாரங்கள் உண்டு.

திருத்திக் கற்பித்த மறுநாளே சோதித்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். அது நினைவாற்றலின் விடை. இரண்டு வாரம் கழித்து, வேறு எண்களோடு, வேறு பாடத்தின் நடுவே அதே திறனை ஒரு வினாவாகச் செருகினால்தான் குறி உண்மையில் நீங்கிற்றா என்பது தெரியும். ‘சி’ குறி அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

பெரிய அளவிலான தேர்வுகளின் தரவைப் பற்றியும் ஒரு சொல். 2011 முதல் இந்நாட்டில் நடந்த ஆண்டுத் தேசிய மதிப்பீட்டில் ஆறாம் வகுப்புக் கணிதச் சராசரி 2012இல் 27 சதவீதம், 2013இல் 39, 2014இல் 43. அதே ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பின் சராசரி 13, 14, 11. ஒரு நாட்டின் பிள்ளைகள் இரண்டே ஆண்டுகளில் அத்தனை தூரம் ஏறுவதில்லை. வினாத்தாள்களின் கடினம் ஆண்டுக்காண்டு சமப்படுத்தப்படாததால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது என்று கல்வியாளர்கள் அப்போதே எழுதினார்கள். சராசரி 11 என்ற தாளோ ஆசிரியருக்கு எதையுமே சொல்லாது, ஏனென்றால் பெரும்பாலோர் எதையும் எழுத முடியாத தாளில் படிக்கத் தவறான விடைகூட இல்லை. ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பால் 2015இல் அந்தத் தேர்வு நின்றது. டிம்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வு வேறு வகை. 2019இல் இங்கு ஐந்தாம் வகுப்பினர் கணிதத்தில் பெற்ற 374 புள்ளிகளும், அவர்களில் 37 சதவீதத்தினரே அடிப்படைத் திறனை எட்டினர் என்பதும் அரசு திட்டமிட உதவும். அதை வைத்து என் வகுப்பில் யாரை எந்தக் குழுவில் அமர்த்துவது என்று தீர்மானிக்க இயலாது. அப்படித் தீர்மானிக்க அது உருவாக்கப்படவும் இல்லை. பள்ளி நிர்வாக மென்பொருளில் நாங்கள் ஏற்றும் மதிப்பெண்களுக்கும் இதே வரம்புதான்.

பெற்றோர் சந்திப்புக்கு இப்போது இரண்டு தாள்களோடு போகிறேன். நிலை எண்ணைச் சொன்னால் உரையாடல் வகுப்பில் யார் முதலிடம் என்பதை நோக்கிப் போய்விடுகிறது. பிள்ளை எழுதிய ஒரு கணக்கைக் காட்டி, இந்தப் படியில் நிற்கிறான், வீட்டில் இதை மட்டும் தினமும் சிறிது நேரம் செய்யச் சொல்லுங்கள் என்றால், பேரனை வளர்க்கும் பாட்டிகூட என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு எழுகிறார்.

ஏழாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது பிள்ளைகளோடு அறிக்கை அட்டை மட்டுமே போகிறது. பிள்ளைகளில் பலர் சேரும் ஒரு பள்ளியின் கணித ஆசிரியருக்கு, நான்கைந்து திறன்களையும் அவற்றில் இன்னும் குறி நீங்காதவர்களின் பெயர்களையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். டிசம்பர் நடுவில் தொடங்கும் கோடை விடுமுறையில் சில குறிகள் திரும்பிவிடும் என்பதால், ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் 503 − 267 வகைக் கணக்கு ஒன்றையும், 0,4 உம் 0,35 உம் போன்ற ஒப்பீட்டு இணைகளையும், பெட்டியுள்ள சமக்குறி வினாவையும் அவர் மீண்டும் கேட்டுப் பார்த்துவிட்டே என் தாளைத் திறக்கிறார். இரண்டும் ஒத்துப்போகாத பெயர்களை எனக்குத் தெரிவிக்கிறார். அடுத்த ஆண்டுக்கான வினாக்களை அவற்றைப் பார்த்தே மாற்றுகிறேன்.